ரப்பர் தின்னும் எலி

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரியைக் கொடுத்தது டயாலிசிஸ் வார்டு நர்ஸ் ஜெபராணி. அன்பால் கொடுக்கவில்லை. வேலுத்தாய் உள்ளே மெஷினில் படுத்திருக்கும் நேரமெல்லாம் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரை வம்புக்கு இழுக்கிறேனாம். "அண்ணே, உங்க வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும். எழுதத் தெரியும்ல? எழுதுங்க" என்று, மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்துவிட்டுப் போன டைரியை என் மடியில் போட்டது. நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் மூன்றாவதை இரண்டு தடவை படித்தேன். ஆழமாகப் படித்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பெயர் பெத்தணசாமி. மேகமலையில் எஸ்டேட் லாரி ஓட்டினேன். வேலுத்தாய் என் அத்தை மகள், என் பெண்சாதி. கொழுந்து பறித்தவள். பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கு இரண்டு கிட்னியும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் தேனிக்கு இறக்கி, ரத்தத்தைச் சலவை செய்து ஏற்ற வேண்டும். பஸ்ஸில் கூட்டிப்போய்ப் பார்த்தேன். திரும்பும்போது மயங்கி, கண்டக்டர் மேலேயே சாய்ந்துவிட்டாள். அதனால் லாரி வேலையை விட்டேன். எஸ்டேட் மேனேஜர் தள்ளிவிட்ட பழைய மாருதி எண்ணூறை வாங்கினேன்.

இன்று மலை ஏறும்போது அந்த வண்டி புதுசாக ஒரு பாட்டுப் பாடியது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன் சக்கரத்திலிருந்து கடக், கடக். நேரே போனால் ஒன்றும் இல்லை. எங்கள் பாதையோ பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயரைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள்.

"பூவுக்குப் பூ நின்னு கடலை கொறிக்குது பாரு உன் சக்களத்தி" என்றேன். வண்டியை அவளுக்குச் சக்களத்தி என்பது என் வழக்கம்.

வேலுத்தாய் கண்ணைத் திறக்கவில்லை. "அவளுக்காவது பல்லு இருக்கே" என்றாள்.

ஜூன் 4, புதன்

வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். இடது முன் சக்கரத்துக்குப் போகிற தண்டின் முனையில் ஒரு மூட்டு உண்டு. சக்கரம் திரும்பும்போது அதுதான் மடங்கிக் கொடுக்கும். மூட்டுக்குள் கிரீஸ் அடைத்து, மேலே துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை போட்டிருப்பார்கள். ஆக்சில் பூட் என்று பெயர். வயசான ரப்பர், மடிப்புக் குழியில் சுற்றிலும் வெடித்துவிட்டது. கிரீஸ் முழுக்க வெளியே தெறித்து, சக்கரத்தின் உட்பக்கம் மை பூசின மாதிரி இருக்கிறது.

வேலுத்தாய் எழுந்திருக்கவில்லை. போய் வந்த மறுநாள் அப்படித்தான்.

ஜூன் 5, வியாழன்

புது பூட் வேண்டுமானால் சின்னமனூருக்கு இறங்க வேண்டும். நாளை எப்படியும் இறங்குகிறோம், அதுவரை தாங்கினால் போதும் என்று பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து, வெடிப்பின் மேல் சுற்றி, கட்டுக்கம்பியால் இறுக்கினேன். வேலுத்தாய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் ஒடிஞ்ச ஆட்டுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கு மச்சான்."

"ஆடு நாளைக்கு மலையெறங்கும் பாரு."

"ஆட்டுக்கிட்ட கேட்டீங்களா?"

நல்ல கேள்விதான். சிரித்தேன்.

ஜூன் 6, வெள்ளி

பாதி மலைகூட இறங்கவில்லை, டியூப் பிய்ந்து பறந்துவிட்டது. விடாத மழை. ரோட்டுச் சேறும் மணலும் நேரே மூட்டுக்குள் போய் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் கல் அரைக்கிற சத்தம்.

வேலுத்தாயை மெஷினிலிருந்து எடுத்துத் திரும்பும்போது, சின்னமனூரில் ஜபருல்லா ஸ்பேர்ஸ் கடையில் நிறுத்தினேன். ஜபருல்லா மெக்கானிக்கும்கூட. குனிந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்கு வைத்தியம் பாத்தீங்களா, பாடை கட்டுனீங்களா?"

"ரெண்டுக்கும் ஒரே கம்பிதான் பாய். மிச்சம் பிடிச்சேன்."

அவர் மூட்டுக்குள் விரலை விட்டு, கிரீஸை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து என் காதருகே கொண்டுவந்தார். நறநறவென்றது. "கேளுங்க. மண்ணு போயிருச்சு. மூட்டே முடிஞ்சிருச்சுண்ணே. இதுக்கு மேல புது உறை போட்டு என்னத்துக்கு?"

"மூட்டு இருக்கா?"

"எண்ணூறுக்கு இப்ப எவன் வச்சிருக்கான்? மதுரையில கேட்டுப் பாக்கணும். கெடைக்கும்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப உறையக் குடுங்க."

"சத்தம் நிக்காதுண்ணே."

"சத்தம் போடட்டும். எங்க வீட்டுல இன்னொண்ணும் இருக்கு, அதையும் வச்சுத்தான ஓட்டுறேன்."

"ஓடுற வரைக்கும் ஓட்டுங்க" என்று சிரிக்காமல் சொல்லி, பொட்டலத்தைக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தேன். வேலுத்தாய் பக்கத்துக் கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்.

ஜூன் 8, ஞாயிறு

உடம்பெல்லாம் கிரீஸ், பேனாவும் கிரீஸ். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். இன்று நான் டாக்டர்.

சக்கரத்தின் நடு நட்டு மாடு மாதிரிப் பலம். பிரேக்கை யாராவது மிதித்துக்கொண்டால்தான் சக்கரம் சுற்றாமல் நட்டைக் கழற்ற முடியும். வேலுத்தாயைத் தாங்கிக் கொண்டுபோய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

"மிதி."

"மிதிக்கிறேன்ல."

"இது மிதியா? அம்மிக்கல்லத் தூக்கி வச்சிருந்தா இதைவிட நல்லா மிதிச்சிருக்கும்."

"அம்மிக்கல்லயே கட்டிக்கிட்டிருக்க வேண்டியதுதான? எங்க அப்பன் வந்து கால்லயா விழுந்தாரு?"

"விழல. ஆனா அம்மிக்கல்லு என்னைப் பாத்து மாட்டேன்னுருச்சு."

ஸ்பானரில் நீளக் குழாயைச் சொருகி, மேலே ஏறி நின்று ஒரு குதி குதித்தேன். நட்டு விட்டுக்கொடுத்தது, நான் மல்லாந்து சேற்றில் விழுந்தேன். அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. அப்படி அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. நட்டு மறுபடி இறுகினால் மறுபடியும் விழத் தயாராக இருந்தேன்.

ஜாக்கி போட்டு, சக்கரத்தை எடுத்து, தண்டை உருவினேன். கியர் ஆயிலைப் பிடிக்க அவளுடைய சோறு வடிக்கும் சட்டியை வைத்ததற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். உட்பக்க மூட்டைக் கழற்றினால்தான் வெளிப்பக்கத்துக்கு உறையை நுழைக்க முடியும். பழைய உறையை அறுத்துப் போட்டு, மூட்டை மண்ணெண்ணெயில் கழுவினேன். கழுவக் கழுவ மண் வந்தது. உள்ளே குண்டுகள் உருளுகிற தடத்தில் குழி விழுந்திருந்தது. அவள் கேட்டாள் என்று கொண்டுபோய்க் காட்டினேன்.

"இந்தக் குழி சரியாகுமா?"

"ஆகாது."

"அப்பறம் எதுக்கு இந்தப் பாடு?"

"உறை போட்டா இருக்கறது இருக்கறபடி இருக்கும். இதுக்கு மேல கெடாது."

"நல்லாவும் ஆகாது, முடியவும் முடியாது."

"அதேதான். உனக்கு மெக்கானிக் மூளை."

புது ரப்பரை மடியில் வைத்து, ஆர்மோனியம் மாதிரி இழுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது கிழிஞ்சா என்ன ஆகும்?"

"கிழிஞ்சா அவ்வளவுதான். வண்டி நடுரோட்டுல காலை நீட்டிப் படுத்துக்கும். தெய்வமே வந்து தள்ளுனாலும் நகராது."

சும்மா ஒரு பெருமைக்குச் சொன்னேன். கிழிந்தாலும் மாசக்கணக்கில் கடகடவென்று ஓடும் என்று சொன்னால், பகல் முழுக்க நான் சேற்றில் புரண்டதற்கு என்ன மரியாதை?

இருட்டுவதற்குள் மாட்டி முடித்தேன். கறுப்புக் கிரீஸ் பாக்கெட்டைப் பிதுக்கி அடைத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கியாயிற்று.

ஜூன் 10, செவ்வாய்

சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அல்லது என் காது கொஞ்சம் குறைந்திருக்கிறது.

வார்டில் மெஷின் ஊசி இறங்க இன்று ரொம்ப நேரமானது. வேலுத்தாயின் பக்கத்துப் படுக்கையில் எப்போதும் படுக்கிற போடிக்காரம்மா வரவில்லை. ஜெபராணியிடம் கேட்டேன். "அவங்க வரலண்ணே" என்றது. அடுத்த படுக்கைக்குப் போய்விட்டது. மகள் வீட்டுக்குப் போயிருப்பார். அந்தப் படுக்கைக்கு ஒரு காலேஜ் பையன் வந்திருக்கிறான்.

வேலுத்தாய் வழியில் பேசவில்லை. களைப்பு.

ஜூன் 12, வியாழன்

நல்ல நாள்! கடைக்குப் போய்த் திரும்பினால் படுக்கையில் ஆள் இல்லை. பதறிப்போய் வெளியே வந்தால், வாசலில் வண்டியின் முன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் பிடிக்காமல் தானாக நடந்து வந்திருக்கிறாள். மருந்து பிடிக்கிறது போல.

"வெயில் காயலாம்னு வந்தேன்" என்றாள். மேகம் மூடி எதிர்வீடே தெரியவில்லை. நோயாளியிடம் வெயிலைப் பற்றிச் சண்டை போடுவானேன்.

கையைப் பிடித்துத் தூக்கினேன். மெஷின் ஊசிக்காக ஆபரேஷன் செய்து வைத்த கை நரம்பு, வண்டி ஐட்லிங்கில் நிற்கிற மாதிரி எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். இன்று ஆக்சிலேட்டரை அமுக்கின மாதிரித் துடித்தது. நடந்ததால் இருக்கும்.

சாயங்காலம் சவரம் செய்யலாம் என்று பார்த்தால் பிளேடைக் காணோம். தாடியோடு இருக்கிறேன். சாமியார் களை வந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

முதல் வளைவிலேயே கடக் என்றது. இறங்கிப் பார்த்தேன். புது பூட் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கிரீஸ் தெறித்துக் கிடக்கிறது. வாங்கி முழுசாக ஒரு வாரம் ஆகிறது.

வேலுத்தாய் கண்ணை மூடவே இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கேட்டுக்கொண்டே வந்தாள். "நின்னுருமா மச்சான்?"

"நிக்காது. பயப்படாத."

அடுத்த வளைவு. "கிழிஞ்சிருச்சுல்ல? இன்னமும் நிக்கலையா?"

"நிக்காதுங்கிறேன். நானாச்சு. உன்னை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேக்கிறேன்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பார்த்தேன், அழுதிருக்கிறாள். வண்டி நின்றுவிடும் என்று எவ்வளவு பயந்திருக்கிறாள், பாவம்.

ஜபருல்லா கடைக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காகப் பூட்டுப் போட்டிருந்தது.

ஜூன் 14, சனி

எலி. யோசித்துப் பார்த்துவிட்டேன், எலிதான். எங்கள் மலை எலிக்கு எதையும் தின்னத் தெரியும். எஸ்டேட் லாரியில் ஒயரைத் தின்ற எலியை எனக்கு நேரடியாகத் தெரியும். கடைத்தெருவில் பொறி இரவல் வாங்கி, நெத்திலிக் கருவாடு மாட்டி, சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வண்டிப் பக்கம் போயிராத. விரல்ல மாட்டிக்கும்" என்றேன்.

"எலின்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். ரப்பர் திங்கிற எலி."

"என்னத்தயாவது தின்னுட்டுப் போகட்டும் மச்சான். அதை ஏன் பிடிக்கிறீங்க?" என்று சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

பொறியில் ஒன்றும் இல்லை. துணி துவைத்தேன். வேலுத்தாயின் பச்சைச் சேலை முந்தானையில் கறுப்புக் கிரீஸ். சோப்பு போட்டேன், மண்ணெண்ணெய் போட்டேன், போகவில்லை. அவளைத் தூக்கும்போது என் கை பட்டிருக்கும். ஆனால் அன்று நான் கை கழுவியிருந்தேன்.

வெயில் இல்லாததால் துணி காயவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வேலுத்தாய் மெஷினில் இருக்கும்போதே நான் மட்டும் சின்னமனூருக்கு வந்து ஜபருல்லாவிடம் சண்டை போட்டேன். "பூட் குடுக்கச் சொன்னா எலிக்குப் பலகாரம் குடுத்திருக்கீங்க பாய்."

அவர் டார்ச்சை அடித்து வண்டிக்கு அடியில் பார்த்தார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போய்ப் பார்த்தார்.

"அண்ணே, எலி கடிச்சா பல்லு பல்லா பிசிறு நிக்கும். தானா வெடிச்சா மடிப்புக் குழியில சுத்திக்கிட்டுப் போகும். இது மேலருந்து கீழ, எல்லா மடிப்பையும் சேத்து ஒரே இழுப்பு. பிளேடுண்ணே. உங்க ஊரு எலி சவரம் பண்ணுமா?"

"பண்ணும். எங்க ஊரு எலி கிராப்புகூட வெட்டும்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டார். "உங்களுக்கு யாராச்சும் வேண்டாதவங்க இருக்காங்களா?"

"எனக்கா? எல்லாரும் வேண்டியவங்கதான்."

இன்னொரு பூட் கொடுத்தார். வாங்கிக்கொண்டு தேனிக்குத் திரும்பினேன். வேலுத்தாயை வண்டியில் ஏற்றினேன்.  மலை முழுக்க வண்டி மட்டும் பேசியது.

ஜூன் 18, புதன்

மழை. பொறியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டாள்.

"எலி மாட்டுச்சா மச்சான்?"

"மாட்டல. ரொம்ப விவரமான எலி. பிளேடு வச்சுக்கிட்டுத் திரியுதாம்."

டம்ளரைக் கீழே வைத்தாள். வெளியே தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த எலிக்கு என்னதான் வேணுமாம்?" என்றேன்.

"செவ்வாக்கிழமை போறேன். புதங்கிழமை பொணமாக் கெடக்கேன். வியாழக்கிழமை லேசாக் கண்ணத் தொறந்தா, வெள்ளிக்கிழமை வந்து வாசல்ல நிக்குது. எனக்குன்னு ஒரு கிழமை இல்ல மச்சான்."

"போகாட்டி என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். ஜெபராணிகிட்ட கேட்டுட்டேன்."

"எப்ப?"

"நீங்க வெளிய பெஞ்சில வம்பளந்துக்கிட்டு இருக்கப்ப. அது அழுதுக்கிட்டேதான் சொல்லுச்சு. போடிக்காரம்மாவும் அப்படித்தான் மெஷினுக்கு வராம நின்னுக்கிருச்சாம்."

"என்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"சொன்னா என்ன செய்வீங்க? எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வச்சுத் தூக்கி வண்டியில போட்டுருவீங்க. எத்தனை தடவை போட்டிருக்கீங்க. வண்டி நின்னுட்டா நீங்களும் சும்மா இருப்பீங்கன்னு பாத்தேன். நீங்கதான சொன்னீங்க, காலை நீட்டிப் படுத்துக்கும்னு."

"அது பொய்யி. சும்மா பெருமைக்குச் சொன்னது."

என்னையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப் பாவி மச்சான். அந்தப் பொய்யை நம்பி, எந்திரிக்க முடியாம எந்திரிச்சு, சக்கரத்துக்குள்ள கையை விட்டு..." முடிக்கவில்லை. நானும் சிரித்தேன். கஞ்சி ஆறிவிட்டது.

"டாக்டர்கிட்ட வேற மருந்து கேக்கலாம்" என்றேன்.

"மூட்டுல குழி விழுந்துருச்சுன்னு நீங்கதான காட்டுனீங்க."

 டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

வழக்கம்போல விடியுமுன் எழுந்தேன். வண்டியை ஜாக்கியில் ஏற்றினேன். சக்கரத்தைக் கழற்றினேன். நடு நட்டைக் கழற்றும்போது பிரேக் மிதிக்க ஆள் கூப்பிடவில்லை, சக்கர போல்ட்டுகளுக்கு நடுவே கம்பியைக் கொடுத்துச் சமாளித்தேன். தண்டை உருவி வெளியே வைத்தேன். புது பூட் பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிரிக்காமல் சீட்டில் போட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

"ரிப்பேரா?" என்றாள் இருட்டிலிருந்து.

"ரிப்பேர்தான்."

போகவில்லை.

ஜூன் 21, சனி

ஜெபராணி போன் செய்தது. வண்டி ரிப்பேர் என்றேன்.

"பஸ்ல வாங்கண்ணே. இல்லாட்டி ஆம்புலன்ஸுக்கு அடிங்க. தள்ளிப் போடக் கூடாது."

"சாமான் மதுரையில இருந்து வரணும்மா."

 பின்னால் மெஷின் பீப் சத்தம் கேட்டது. "அக்கா சொல்லிட்டாங்களா?" என்றது ஜெபராணி.

"என்னத்த?" என்றேன்.

"பாத்துக்கங்கண்ணே" என்று வைத்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

முகம் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைத்திருக்கிறேன். தலை சீவிவிடச் சொன்னாள். வகிடு நேராக வரவில்லை. "ரோடு போடச் சொன்னா கொண்டை ஊசி போட்டிருக்கீங்க" என்றாள். மறுபடி சீவினேன். மறுபடியும்.

ஜூன் 23, திங்கள்

பக்கத்துத் தெருவில் ஜீப் வைத்திருக்கும் சன்னாசி வந்தான். முறைக்கு எனக்கு மகன். எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகிறவன், ஆளும் வண்டியும் உயரம். வாசலில் சக்கரமில்லாமல் நின்ற என் வண்டியைப் பார்த்துத் திட்டினான்.

"என்ன சித்தப்பா, ஊமையா இருக்கீங்க? ஊரையே நக்கலடிக்கிற வாய்க்கு, ஜீப்பைக் கொண்டாடான்னு சொல்லத் தெரியலயா? நாளைக்குக் காலையில வந்து நிப்பேன். சித்தியத் தயார் பண்ணி வைங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் போய்விட்டான். அல்லது நான் வாயைத் திறக்கவில்லை. அவனைப் போகவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு ஜீப் வந்து, தூக்கி வைத்தால், அவள் இன்னும் இருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை வரும், ஒரு செவ்வாய்க்கிழமை வரும். இதை நினைத்துக்கொண்டே சோறு பொங்கினேன். சோறு குழைந்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

வெளிச்சம் வருவதற்குள் சன்னாசியின் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. வேலுத்தாய் தலையணையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தாள்.  கெஞ்சவில்லை. நான் வெளியே போனேன்.

"சித்திய எங்க?" என்றான். பின் சீட்டில் மெத்தை விரித்து, தலைக்கு ஒரு தலையணைகூட வைத்திருந்தான்.

"சன்னாசி, வேண்டாம்ப்பா."

"ஏன், உங்க வண்டி ரெடியாயிருச்சா?"

"இல்ல."

"அப்பறம்?"

"சித்தி வரல."

"வரலன்னா? உடம்புக்கு முடியலயா? நான் தூக்கிக்கிட்டு வாரேன்." செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வந்தான். நான் கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவன் என்னைவிடப் பலசாலி. ஒரு தள்ளு தள்ளியிருக்கலாம்.

"அவளுக்கு இஷ்டமில்லடா" என்றேன்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் ஜீப்புக்குப் போய் என்ஜினை அணைத்தான். திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. மூச்சு விட்டு விட்டு. "சன்னாசியா? வெறும் வயித்தோட அனுப்பாதீங்க மச்சான். காப்பி போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். குடித்தான்.  ஜீப்பை ஸ்டார்ட் செய்யவில்லை. கதவைத் திறந்து தோளைக் கொடுத்துச் சரிவில் தள்ளி, ஓடுகிற வண்டியில் ஏறிக்கொண்டான். கீழே தேயிலைக் காட்டுத் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் என்ஜின் சத்தம் கேட்டது.

"போயிட்டானா?"

"போயிட்டான்."

"வண்டி ரிப்பேர்னு சொன்னீங்களா?"

"இல்ல. உனக்கு இஷ்டமில்லன்னு சொன்னேன்."

 வேலுத்தாய் கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோரம் நகர்ந்து, கட்டிலில் இடம் விட்டாள்.

உட்கார்ந்துகொண்டேன்.